காஞ்சிபுரம் பட்டு நெசவும் தொழில் முதலாளித்துவமும்: ஓர் ஒப்பீட்டு நோக்கு

முன்னுரை

நெசவின் வரலாறு பெரும்பாலும் கைத்தறியிலிருந்து ஆலையை நோக்கிய வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. விசைத்தறிக்குக் கார்ட்ரைட் 1785இல் காப்புரிமை பெற்றதும் லங்காஷயரில் ஆலைகள் பெருகியதும் அதன் முன்மாதிரிகள். 1888இல் நூற்பாலை, 1930களில் பைக்காரா மின்சாரம் எனக் கோயம்புத்தூரும் அவ்வழியே சென்றது. இவ்வளவுகோலின்படி காஞ்சிபுரம் பின்தங்கிய ஊராகத் தோன்றும். அம்முடிவு மறுபரிசீலனைக்குரியது.

மூலப்பொருளும் மூலதனமும்

ஊரகத்துக் கோயிலின் வரவு செலவைக் கவனிக்கும் பொறுப்பைப் பட்டசாலியரிடம் ஒப்படைத்ததை உத்தம சோழனின் செப்பேடு தெரிவிக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் காஞ்சி நெசவாளர் பெற்றிருந்த சமூக மதிப்புக்கு இது சான்று. இருபதாம் நூற்றாண்டின் நிலை வேறு. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்தன. அவற்றை வாங்க முதல் உடையவரே தொழிலை ஆண்டார். அவரிடம் பாவும் ஊடையும் பெற்று, நெசவாளர் தம் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தார். தறி அவருடையதாயினும் சேலை அவருடையதன்று. முன்பணமோ அவரை ஒரே முதலாளியிடம் பிணைத்தது.

கூலி உறவில் இவர் ஆலைத் தொழிலாளியை ஒத்தவர். ஆனால் தறிக்கான இடம், பழுதுபார்ப்பு, நூல் இழைப்பு ஆகியவற்றின் சுமை குடும்பத்தின் மேல் விழுந்தது. உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை நெசவுக்கு மூன்று நாடாக்களும் துணையாள் ஒருவரும் தேவை. அத்துணையாளின் கூலியும் நெசவாளரின் கூலிக்குள் அடங்கியது. மனைவியோ மக்களோ துணை நின்றால் அவ்வுழைப்பு கணக்கிலேயே ஏறவில்லை.

நிஷிஜின் ஒப்பீடு

ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள நிஷிஜின் பட்டு நெசவாளர் சிலர் 1872இல் பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பப்பட்டு, ஜக்கார்டு கருவியுடன் திரும்பினர். நவீனக் கருவி வந்த பின்னரும் அங்கு வணிகரிடம் கூலி பெறும் வீட்டு நெசவு நீடித்தது. காஞ்சிபுரத்திலும் ஜக்கார்டு நுழைந்தது. உடைமை உறவு மாறவில்லை. ஆகவே வீட்டுத் தறி நிலைத்ததற்குத் தொழில்நுட்ப அறியாமையைக் காரணமாக்க இயலாது.

கூட்டுறவும் சட்டமும்

நூலையும் ஜரிகையையும் தாமே வழங்கிய கூட்டுறவுச் சங்கங்கள், உறுப்பினரளவில் வணிகரின் பிடியைத் தளர்த்தின. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் 2005இல் கிடைத்த புவிசார் குறியீடும் தறியையும் துணியின் பெயரையும் காத்தன. நெசவாளரின் கூலி அவற்றின் வரம்புக்கு வெளியே நின்றது.

முடிவுரை

காஞ்சிபுரத்தில் முதலாளித்துவம் ஆலையைக் கட்டாமலேயே வேரூன்றியது. ஆலைக்குரிய செலவில் ஒரு பகுதியை நெசவாளர் வீடு ஏற்றது. எனவே பொருளாதார வளர்ச்சியை அளக்கையில் எத்தனை ஆலைகள் என்பதோடு, உற்பத்திச் செலவை யார் சுமந்தனர் என்ற வினாவும் எழுப்பப்பட வேண்டும்.