முதுகும் சேணமும், கழுத்தும் நுகத்தடியும்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் காட்டுக்காரர்களுக்கு இன்றைக்குக் குதிரைச் சேணத்தின் சரித்திரத்தைச் சொல்லப் போகிறேன். “ஏர் பூட்டுகிற நமக்கு அது எதுக்கய்யா?” என்று கேட்பீர்கள். விஷயம் இருக்கிறது, கேளுங்கள்.

அந்தக் காலத்தில் நம் பாண்டிய நாட்டுக்கு அரபுக் குதிரைகள் கப்பலேறி வந்து காயல் துறைமுகத்தில் இறங்கின. 1290-களில் இந்தக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்ரீகர் மார்க்கோ போலோ ஒரு சங்கதி எழுதி வைத்திருக்கிறார். மன்னர் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவாராம்; வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சாதாம். குதிரையைப் பேணத் தெரியவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். கணக்கிலே கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனாலும் பொன்னைக் கொட்டி வாங்கின பிராணி, பக்குவம் தெரியாவிட்டால் நிலைக்காது என்பது நிஜம்.

சவாரிக் குதிரைக்குப் பக்குவம் என்றால் அதில் சேணம் முக்கியம். ஆதியில் மனிதன் வெறும் முதுகிலே, அல்லது ஒரு துணியைப் போட்டு ஏறினான். பாரம் முழுக்க முதுகெலும்பு மேலே விழுந்தது. சைபீரியாவில் பஸிரிக் என்ற இடத்தில், ஏறக்குறைய 2,300 வருஷத்துக்கு முந்தைய சமாதிகளில், பனியில் உறைந்த சேணங்கள் கிடைத்தன. எலும்புக்கு இந்தப் பக்கம் ஒரு திண்டு, அந்தப் பக்கம் ஒரு திண்டு, நடுவிலே சந்து. பாரம் எலும்பில் உட்காராமல் சதையிலே பரவும். பிற்பாடு மரச்சட்டம் வந்தது, தத்துவம் அதேதான்.

ராஜஸ்தானத்து மார்வாரிக் குதிரை ‘ரேவால்’ என்று குலுங்காத நடை நடக்கும். அப்படிப்பட்ட நடைக்குதிரைக்குத் தோள்பட்டை தாராளமாக அசைய வேண்டும். சேணம் தோளில் இடித்தால் நடை கெட்டுப் போகும். அமெரிக்காவில் 1955-ல் தொடங்கிய டெவிஸ் கோப்பைச் சவாரியில் ஒரே நாளில் 100 மைல் போக வேண்டும். வழியிலே கால்நடை மருத்துவர்கள் குதிரையை நிறுத்தி, நடையையும் முதுகையும் சோதிப்பார்கள். தகுதியில்லாத குதிரை அத்தோடு நிற்க வேண்டியதுதான்.

இந்தச் சோதனையை நீங்களும் உங்கள் காளைக்குச் செய்யலாம். பூட்டை அவிழ்த்ததும் கழுத்தைத் தடவிப் பாருங்கள். சூடு, வீக்கம், மயிர் உதிர்ந்த இடம் இருக்கிறதா? இருந்தால் நுகத்தடியைத் திருப்பிப் பாருங்கள். முண்டு முடிச்சு, வெடிப்பு இருந்தால் ஆசாரியிடம் கொடுத்து வழவழப்பாக இழையுங்கள். கழுத்தில் படுகிற இடம் அகலமாக இருக்கட்டும். ஒல்லித்தடி ஒரே இடத்தில் அறுக்கும். உயரம் ஒத்த மாடுகளையே ஜோடி சேருங்கள். புண் ஆறும்வரை பூட்டாமல், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கரிசலிலே மழை விழுந்தால் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். அந்த நாலு நாளும் காளை கழுத்துப்புண்ணோடு தொழுவத்தில் நின்றால் வருஷ வெள்ளாமையே போச்சு. ஆகவே மாட்டுக்குத் தக்கபடி நுகத்தடியைச் செய்யுங்கள். நுகத்தடிக்குத் தக்கபடி மாட்டை வருத்தாதீர்கள்.