சாம்பியாவின் செம்பும் அதன் உடைமையாளர்களும்

எட்டு அண்டை நாடுகள் சூழ, கடற்கரையே இல்லாத தென்மத்திய ஆப்பிரிக்க நாடான சாம்பியா, 1964 அக்டோபர் 24 அன்று பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுபட்டபோது, உலகின் முன்னணிச் செம்பு உற்பத்தி நாடுகளுள் ஒன்றாக விளங்கியது; அதே நாளில் அந்நாட்டு ஆப்பிரிக்கர்களுள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருந்தோர் ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே. ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கைச் செம்பு ஈட்டித் தந்தாலும், அச்செம்பை வெட்டுவது, உருக்குவது, விற்பது ஆகிய மூன்றையும் ஆங்கிலோ அமெரிக்கன், ரோன் செலக்‌ஷன் டிரஸ்ட் என்னும் இரு நிறுவனங்களே நடத்தின.

சுரங்கம் தோண்டியவர்கள் இவர்களாயினும், நிலத்தடிக் கனிமத்துக்குரிய உரிமைத்தொகை, அதாவது வெட்டியெடுக்கப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் கனிம உரிமையாளருக்குச் செலுத்தப்படும் பங்கு, செசில் ரோட்சு தொடங்கிய பிரித்தானிய தென்னாப்பிரிக்கக் கம்பெனிக்கே சென்றது. மேற்கே லோசி மன்னர் லெவானிகாவுடன் 1890இல் செய்துகொண்ட உடன்படிக்கையை அக்கம்பெனி முதன்மைச் சான்றாகக் காட்டியது. சுரங்கங்கள் அமைந்த செம்புப் பட்டையோ அம்மன்னரின் ஆளுகைக்கு வெகுதொலைவில், நாட்டின் வடக்கில் கிடந்தது. இந்த ஓட்டையைச் சாம்பியத் தலைவர் கென்னத் கவுண்டாவின் அரசு வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியதன் விளைவாக, விடுதலைக்கு முந்தைய கடைசி மணி நேரங்களில், பிரித்தானிய அரசும் சாம்பியாவும் பாதிப்பாதியாகத் தந்த 40 லட்சம் பவுண்டை ஏற்றுக் கம்பெனி தன் உரிமையைக் கைவிட்டது. அடிப்படையே ஐயத்துக்குரியதான ஓர் உரிமைக்கு அத்தொகையும் மிகைதான்.

அடுத்த கட்டமாக 1969 ஆகஸ்டில் கவுண்டா அறிவித்த நாட்டுடைமையாக்கம், சுரங்கங்களின் 51 விழுக்காட்டுப் பங்கை அரசுக்கு மாற்றியது. ஆனால் அப்பங்கின் விலை சுரங்கங்களின் வருங்கால ஈவுத்தொகையிலிருந்தே தவணையாகக் கட்டப்பட வேண்டியிருந்தது. நிர்வாகமும் விற்பனையும் ஒப்பந்த அடிப்படையில் பழைய நிறுவனங்களிடமே சில ஆண்டுகள் நீடித்தன. செம்பின் விலையைத் தலைநகர் லூசாக்கா முடிவு செய்யவில்லை. உலோகங்கள் நாள்தோறும் ஏலம்போல் கைமாறும் இலண்டன் உலோகச் சந்தையே முடிவு செய்தது.

துறைமுகமும் அயலார் கையில்தான் இருந்தது. 1965இல் வெள்ளைச் சிறுபான்மையினர் தன்னிச்சையாக விடுதலை அறிவித்த ரொடீசியாவின் வழியாகவே செம்பு கடலை அடைந்துவந்த நிலையில், அவ்வழி 1973இல் மூடப்பட்டது. மாற்று வழியாகிய பெங்குவேலா இரயில் பாதையும் 1975இல் அங்கோலா உள்நாட்டுப் போரால் முடங்கியது. சீனாவின் வட்டியில்லாக் கடனில், கபிரி இம்போசியையும் தான்சானியத் துறைமுகமான தாருஸ்ஸலாமையும் இணைத்து, ஏறத்தாழ 1,860 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட டசாரா இரயில் பாதை முடியும் வேளையில், செம்பின் விலை முந்தைய ஆண்டின் உச்சத்தில் பாதிக்கும் கீழே சரிந்திருந்தது.

அந்தச் சரிவு மீளக்கூடியதென்று நம்பி அரசு கடன் வாங்கத் தொடங்கியதே பிற்காலத் துயரின் ஊற்றுக்கண். சுரங்க நகரங்களில் மருத்துவமனை, பள்ளி, விளையாட்டரங்கு, தொழிலாளர் குடியிருப்பு என வீட்டு மின்விளக்கை மாற்றித் தருவது வரை சுரங்க நிறுவனமே பொறுப்பேற்றிருந்ததால், செம்பு சரிந்தபோது ஊரே சரிந்தது. பன்னாட்டு நாணய நிதியத்தின் நிபந்தனைக்கு இணங்க, சாம்பியர்களின் அன்றாட உணவாகிய இன்ஷிமா களிக்குரிய மக்காச்சோள மாவுக்கு வழங்கப்பட்ட மானியத்தை 1986 டிசம்பரில் அரசு வெட்டியது; உயர்ரக மாவின் விலை ஒரே நாளில் இருமடங்குக்கு மேல் ஏறியது. உயர்த்தப்படாத மட்ட மாவோ, மானியத்தொகை வந்துசேருமா என்று ஆலைக்காரர்கள் ஐயுற்றதால் கடைகளிலிருந்தே மறைந்தது. செம்புப் பட்டை நகரங்களான கிட்வே, இன்டோலாவின் தெருக்களில் கலவரம் வெடித்துப் பலர் உயிரிழந்த பின் மானியம் மீண்டது. கவுண்டாவின் ஒரு கட்சி ஆட்சியின் முடிவை அந்த மாவு மூட்டையே தொடங்கிவைத்தது எனலாம். 1991 தேர்தலில் கவுண்டாவை வென்ற பிரெடரிக் சிலூபா தொழிற்சங்கத் தலைவராக விளங்கியவர்.

1969இல் ஏழு லட்சம் டன்னைத் தாண்டியிருந்த உற்பத்தி, சிலூபாவின் அரசு சுரங்கங்களைத் துண்டுதுண்டாக விற்று முடித்த 2000இல் இரண்டரை லட்சம் டன்னளவுக்குச் சுருங்கியிருந்தது. அவற்றுள் பெரியதான கொங்கோலா செம்புச் சுரங்க நிறுவனத்தைப் பழைய உடைமையாளரான ஆங்கிலோ அமெரிக்கனே பெற்று, இரண்டே ஆண்டுகளில் கைகழுவியது. பின்னர் 2004இல், தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையால் தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான வேதாந்தா குழுமம், உடனடி ரொக்கமாக வெறும் 2.5 கோடி டாலர் கொடுத்து அதன் 51 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. சிங்கோலாப் பகுதியில் தங்கள் ஆற்று நீர் சுரங்கக் கழிவால் கெட்டதென முறையிட்ட ஏறத்தாழ 1,800 கிராமத்தினர், இலண்டனிலேயே வழக்காடலாம் எனப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2021இல், நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே, வழக்கு சமரசத்தில் முடிந்தது. முதலீட்டு வாக்குறுதியை நிறைவேற்றவில்லை என்று குற்றஞ்சாட்டி 2019இல் அச்சுரங்கத்தைக் கைப்பற்றிய சாம்பிய அரசு, 2024இல் அதை வேதாந்தாவிடமே திருப்பி ஒப்படைத்தது. அரசு முதலீட்டு நிறுவனத்தின் பங்கு முன்போலவே 20 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியதாக நின்றது.