பனிக்கால நிலக்காட்சி ஒளிப்படம்

வெண்பனி மூடிய மலை, வயல், காடு, ஏரி ஆகியவற்றைச் சட்டகத்துக்குள் அமைத்துப் படமெடுக்கும் கலை பனிக்கால நிலக்காட்சி ஒளிப்படம். பனி விழுந்ததும் பாதை, வரப்பு, புல் எல்லாம் மறைந்து, சில கரிய கோடுகளும் அகன்ற வெண்பரப்பும் மட்டும் எஞ்சுகின்றன. அந்தச் சிலவற்றை எங்கே நிறுத்துவது, அவற்றைச் சுற்றி எவ்வளவு வெண்மை விடுவது என்பதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது.

இதற்கு ஓவியத்தில் பழைய முன்மாதிரி உண்டு. ஓவியர் பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ ஓவியத்தில், இடப்பக்கத்துக் கரிய மரவரிசை சரிவோடு இறங்கி, பார்வையைக் கீழேயுள்ள உறைந்த குளங்களுக்குக் கொண்டுசேர்க்கிறது.

ஒளி

கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்கிறது. புதுப்பனியோ தன்மேல் படும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். மானி சொன்னபடியே எடுத்தால் பனி அழுக்குச் சாம்பலாகப் பதியும். எனவே எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை, 1 முதல் 2 ஸ்டாப் வரை கூட்டுவது வழக்கம்; ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும். அளவு மீறினால் பனியின் சொரசொரப்பு அழிந்து வெற்றுத்தாளாகிவிடும். ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த, கருமை முதல் வெண்மை வரையான சாயல்களை எண்ணிட்டுப் பிரிக்கும் மண்டல முறையில் நடுச்சாம்பல் 5ஆம் மண்டலம்; சொரசொரப்புத் தெரியும் வெண்பனி 8ஆம் மண்டலம்.

45 பாகை வட அகலாங்கில், டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் நண்பகலிலும் சூரியன் சுமார் 22 பாகை உயரமே ஏறும். இந்தத் தாழ்ந்த பக்கவெளிச்சத்தில்தான் காற்று வரைந்த பனியலைகள் துலங்கும். தெளிந்த நாளில் நிழல்களின்மேல் வானத்தின் ஒளி மட்டுமே படுவதால் அவை நீலமாகத் தெரியும். அந்த நீலம் பனிக்காட்சியின் இயல்பு, அதை முற்றிலும் நீக்கினால் குளிரும் போய்விடும்.

அமைப்பு

மேகம் கவிந்த நாளில் வானும் நிலமும் ஒரே வெண்மையாகி அடிவானம் கரைந்துவிடும். அப்போது ஒரு வேலியோ தனிமரமோ படத்தைத் தாங்கும். ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் கென்னா ஜப்பானின் ஹொக்கைடோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் மலைச்சரிவு வேலிகள் தூரிகைக் கோடுகளைப் போல ஓடுகின்றன.

தொடாத பனியில் வைத்த காலடியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே, நின்ற இடத்திலிருந்தே காட்சியை முழுதாகப் பார்த்து முடிவுசெய்த பின்னரே நடக்க வேண்டும்.

இதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்குச் சான்று ஆடம்ஸ் 1944இல் கலிபோர்னியாவின் லோன் பைன் அருகே எடுத்த ‘பனிக்கால விடியல்’. நான்கு நாள் விடியலில் முயன்றும் படம் அமையவில்லை. ஐந்தாம் நாள், இருள் விலகுமுன் கார் கூரைமேல் அமைத்த மேடையில் கேமராவை நிறுத்திக் காத்திருந்தார். மேலே வெயில் பட்ட சியரா நெவாடா சிகரங்கள், நடுவே கரிய குன்றுகள், கீழே புல்வெளியில் ஒளிக்கீற்று. அங்கே மேய்ந்த குதிரை முதுகைக் காட்டியே நின்றது. அது பக்கவாட்டில் திரும்பிய நொடியில் படத்தை எடுத்தார். கரிய குன்றுகள் இடையில் இல்லாவிட்டால் சிகரங்களுக்கு அந்த உயரமும் குதிரைக்கு அந்தத் தனிமையும் வாய்த்திரா.

நிலத்துக்கான மரியாதை

ஹொக்கைடோவின் பியெய் ஊரில், ‘தத்துவஞானி மரம்’ எனப்பட்ட சாய்ந்த பாப்லர் படமெடுப்போரிடையே பெரும்புகழ் பெற்றது. அது தனியாருடைய விளைநிலத்தில் நின்றது. மரம் முதுமையடைந்திருந்தது; தடையை மீறி வயலுக்குள் நுழைவோரும் ஓயவில்லை. 2016 பிப்ரவரியில் உரிமையாளர் மரத்தை வெட்டினார். வெண்பரப்பைக் காலியிடமாகக் காண்பது கண்ணின் மயக்கம். பனிக்கடியில் ஒருவருடைய வயல் இருக்கிறது. காலடித் தடம் பதியாத சட்டகம் படத்துக்கு அழகு, அந்த வயலுக்கும் காப்பு.