செல்ஃப் இல்லாத காரும் சின்ன பேட்டரியும்



வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று நம் ஊர் மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் முதலில் கேட்பது, "செல்ஃப் எடுக்குதா?" என்பதுதான். 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்பதன் சுருக்கம் அது. நூறு வயது தாண்டிய அந்தக் கருவியின் கதை தெரிந்தால், உங்களில் பலர் இன்று வைத்திருக்கும் ஹைபிரிட் கார் ஒரு நாள் காலையில் அசையாமல் நின்றால் எங்கே பார்க்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். அதனால் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். அவசரக்காரர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவலாம். வகுப்பில் விட்டிருக்க மாட்டேன், இங்கே என்ன செய்ய முடியும்!

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. அது தானாகச் சுற்றத் தொடங்காது. யாராவது முதலில் சுற்றிவிட வேண்டும். ஆரம்ப நாளில் காரின் மூக்கில் ஓர் இரும்புக் கைப்பிடியை நுழைத்துக் கையால் சுற்றினார்கள். நம் ஊர்ப் பழைய லாரிகளிலும் இதைப் பார்த்த தலைமுறை எங்களுடையது. பொறி சரியான நேரத்திற்கு முன்பே விழுந்துவிட்டால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கைப்பிடி திரும்பி வந்து மணிக்கட்டை முறிக்கும். கட்டை விரலை மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்று பழகிய டிரைவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். மணிக்கட்டில் வரும் ஒருவகை எலும்பு முறிவுக்கு மருத்துவ நூல்களில் இன்றும் 'ஷோஃபர் முறிவு', அதாவது கார் ஓட்டுநர் முறிவு என்றே பெயர்.

இதனால்தான் 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் மின்சாரக் கார்களுக்கு நல்ல மதிப்பு இருந்தது. சுற்ற வேண்டாம், புகை இல்லை, சத்தம் இல்லை. பெட்ரோல் கார்களை ஊருக்கெல்லாம் விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்ற பேட்டரி கார். வீட்டுக்காரர் செய்த வண்டியை விட்டுவிட்டு! இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் யோசனையும் அப்போதே வந்துவிட்டது. 1900-இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே செய்த 'செம்பர் விவஸ்' வண்டியில் இரண்டு சிறிய பெட்ரோல் இன்ஜின்கள் ஜெனரேட்டர்களைச் சுற்றின. வந்த மின்சாரம் சக்கரத்திலேயே பொருத்திய மோட்டார்களுக்குப் போனது. அதே ஜெனரேட்டருக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அது இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும். இந்த இடத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது டேட்டன் நகரத்துக்கு வருவோம். சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1876-இல் ஓஹியோ மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். கல்லூரிக்குப் போவதற்கு முன் கிராமத்து ஓரறைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். (நம் சாதிக்காரர்! ஆசிரியர் சாதியைத்தான் சொல்கிறேன்.) கண்பார்வைக் கோளாறால் படிப்பு நடுவில் தடைப்பட்டும் விடாமல் 1904-இல் பொறியியல் பட்டம் வாங்கினார். டேட்டனில் கடைக் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் சேர்ந்து, கல்லாவை மின்சாரத்தால் இயக்க ஒரு சிறு மோட்டார் செய்தார். அந்த மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை, ஒரு நொடி பலமாக இழுத்தால் போதும். சிறு மோட்டாரும் சிறிது நேரத்திற்குப் பெரிய சுமையைத் தாங்கும். காரையும் இப்படியே ஸ்டார்ட் செய்யலாமே என்பதுதான் அவர் கண்ட வழி. பெரிய மோட்டார், பெரிய பேட்டரி இல்லாமல் முடியாது என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

கெட்டரிங்கும் நண்பர் எட்வர்ட் டீட்ஸும் டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் வேலை செய்தார்கள். 'டெல்கோ' என்ற நிறுவனம் உருவானது. 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அந்த ஸ்டார்ட்டர் வந்தது. ஒரே இயந்திரம் முதலில் மோட்டாராக இன்ஜினைச் சுற்றியது, இன்ஜின் ஓடியதும் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்பியது. பேட்டரி, 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த ஈய-அமிலப் பேட்டரிதான். ஃபோர்டின் மாடல் டி-க்கும் 1919-இல் இது வந்து சேர்ந்தது. கைப்பிடியின் தொல்லை ஒழிந்ததும் மின்சாரக் கார் வாங்க இருந்த பெரிய காரணம் போய்விட்டது. டெக்சாஸ் எண்ணெயும் மலிவு. பேட்டரி என்ற ஒரே பொருள் பெட்ரோல் காருக்குள் நுழைந்து, பேட்டரிக் காரை ஓரங்கட்டிவிட்டது. வரலாற்றில் இப்படிப்பட்ட இடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதன்பின் எண்பது ஆண்டுகளில் கார் எவ்வளவோ மாறியது, 'செல்ஃப்' மட்டும் பெரிதாக மாறவில்லை.

1993-இல் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் ஜி21 என்ற திட்டத்தைத் தொடங்கியது. தலைமைப் பொறியாளர் உச்சியமாதா தகேஷி. மைலேஜ் ஒன்றரை மடங்கு கூடினால் போதாது, இரண்டு மடங்கு வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஹைபிரிட் தவிர வேறு வழியில்லை. 1995 இறுதியில் முதல் சோதனை வண்டி தயாரானது. அது 49 நாட்கள் அசையவே இல்லை! கணினியில் எல்லாம் சரியாக ஓடியது, தரையில் ஓடவில்லை. ஒருவழியாக நகர்ந்தபோதும் சில நூறு மீட்டர் போய் நின்றது. பேட்டரி சூடானாலும் அடம், குளிர்ந்தாலும் அடம். தலைவர் ஒக்குடா ஓட்டிப் பார்க்க வந்தபோது, பக்கத்து இருக்கையில் ஒருவர் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பேட்டரியின் சூட்டைப் பார்த்தபடியே இருந்தாராம். ஸ்டார்ட் ஆகாத ஹைபிரிட் காரோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு, அதை உருவாக்கியவர்களே முன்னோடிகள். 1997 டிசம்பரில் பிரியஸ் விற்பனைக்கு வந்தது.

அந்தப் பிரியஸில் 'செல்ஃப்' கிடையாது. உள்ளே இரண்டு மோட்டார் ஜெனரேட்டர்கள். அதில் ஒன்று, பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கி இன்ஜினைச் சுற்றும். பிறகு ஜெனரேட்டராக மாறும். போர்ஷேயும் கெட்டரிங்கும் செய்த அதே வேலைதான். 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் இந்தப் பெரிய பேட்டரி 201.6 வோல்ட்: 28 கட்டைகள், கட்டைக்கு 7.2 வோல்ட், பெருக்கிப் பாருங்கள். ஹோண்டா இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. 1999-இல் வந்த இன்சைட் காரில் ஹைபிரிட் மோட்டாரே இன்ஜினைச் சுற்றினாலும், கடும் குளிருக்கும் பேட்டரி இறங்கிய நேரத்துக்கும் என்று பழைய 12 வோல்ட் ஸ்டார்ட்டரையும் ஓரமாக வைத்திருந்தார்கள்.

சரி, செல்ஃப் போய்விட்டதே, பிரியஸில் 12 வோல்ட் பேட்டரி எதற்கு? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய பேட்டரி ஓர் இரும்புப் பெட்டகம் மாதிரி. வண்டி அணைந்திருக்கும்போது ரிலேக்கள் திறந்து, அதன் மின்சாரம் வெளியே வராமல் பூட்டிக் கிடக்கும். விபத்து நேர்ந்தால் மீட்க வருபவர்களுக்கு ஆபத்து இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பூட்டைத் திறப்பதும், கணினிகளை எழுப்புவதும் 12 வோல்ட் பேட்டரியின் வேலை. இன்ஜினைச் சுற்றும் பாரம் இல்லாததால் சாதாரணக் கார் பேட்டரியைவிடச் சிறியதாக அதை வைத்தார்கள். அது செத்தால் பெட்டகம் நிறையப் பணம் இருந்தும் சாவி இல்லாத கதைதான்.

நம் பள்ளியில் படித்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் போன மாதம் அழைத்தார். பழைய பிரியஸ், காலையில் எழவில்லை. பெரிய பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் ஒரு தொகை சொன்னார்களாம். கேட்டு எனக்கே தலை சுற்றியது. "தம்பி, சின்ன பேட்டரியை அளந்து பார்த்தார்களா?" என்றேன். பார்க்கவில்லை. வேறு இடத்தில் பார்த்தபோது 9 வோல்ட் காட்டியது. சின்ன பேட்டரியை மாற்றியதோடு வண்டி இன்று வரை ஓடுகிறது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

அடையாளம் எளிது. பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை, அல்லது விளக்குகள் மங்கி டிக் டிக் என்று சத்தம், அல்லது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் கார்த்திகைத் தீபம் போல ஒரே நேரத்தில் எரிகின்றன, 'ரெடி' மட்டும் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் சின்ன பேட்டரி மேல் இருக்கட்டும். ஒரு மல்டிமீட்டர் போதும். ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு. 12-க்குக் கீழே போனால் தளர்ச்சி. 'ரெடி' வந்தபின் 14-ஐ ஒட்டிக் காட்டினால் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு மின்சாரம் இறங்குகிறது என்று பொருள். டெர்மினலில் பூ பூத்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு முன், பிரேக்கை நன்றாக மிதித்துத்தான் பட்டனை அழுத்தினீர்களா? சாவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தாலும் கார் உங்களை அடையாளம் காணாது. புதிய மாடல்களில் சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தலாம்.

பெரிய பேட்டரியின் நோய் வேறு மாதிரி. வண்டி 'ரெடி' ஆகும், ஆனால் முக்கோண எச்சரிக்கை எரியும். திரையில் சார்ஜ் நிறைந்தும் குறைந்தும் துள்ளும். இன்ஜின் ஓயாமல் உறுமும், பின்னாலிருந்து விசிறிச் சத்தம் கேட்கும். பி0ஏ80 என்ற குறி வந்தால் அதைப் பற்றித்தான் பேச்சு. அப்போதும் உடனே முழுதாக மாற்றச் சம்மதிக்காதீர்கள். பின் இருக்கைப் பக்கத்தில் அந்தப் பேட்டரிக்குக் காற்று போகும் சல்லடை தூசியால் அடைத்திருக்கலாம், ஏதோ ஒரு கட்டை மட்டும் தளர்ந்திருக்கலாம். ஆனால் இதைத் திறப்பது பயிற்சி பெற்றவர் வேலை. ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் நீங்கள் தொடக் கூடாது. இது வேண்டுகோள் இல்லை, கட்டளை.

தள்ளி ஸ்டார்ட் செய்யும் நம் ஊர் வழக்கம் இங்கே பலிக்காது. நாலு பேர் தள்ளினாலும் பயனில்லை. ஜம்பர் கேபிள் போடலாம். பழைய பிரியஸில் சின்ன பேட்டரி டிக்கியில் இருக்கும், டிக்கியோ மின்சாரத்தில் திறக்கும். அதனால் முன்பக்க பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்குக் கீழே ஒரு முனை வைத்திருக்கிறார்கள். பாசிட்டிவ் அங்கே, நெகட்டிவ் வண்டியின் இரும்பில். கணினியை எழுப்புவது மட்டும்தான் வேலை என்பதால் பெரிய கரண்ட் தேவையில்லை. மாற்றிப் போட்டால் மட்டும் செலவு ஏறிவிடும், இரண்டு முறை பாருங்கள். உங்கள் ஹைபிரிட்டிலிருந்து வேறு காருக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை. புது பேட்டரி வாங்கும்போது அதே வகைதான் வேண்டும். சில மாடல்களில் அது பயணிகள் இருக்கும் பகுதியிலேயே இருப்பதால் வாயு வெளியே போக ஒரு குழாய் உண்டு, அதையும் மாட்டச் சொல்லுங்கள்.

ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்குபவர்கள் கவனிக்க: வண்டி நின்றபடியே இருந்தால் சின்ன பேட்டரிதான் முதலில் இறங்கும். வீட்டில் யாரையாவது வாரம் ஒருமுறை 'ரெடி'யில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள், திறந்த வெளியில். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்திப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி நிரம்பாது, தீரும். பெட்ரோலை வறட்டிவிட்டு மின்சாரத்திலேயே போய்விடலாம் என்றும் பார்க்காதீர்கள். பெரிய பேட்டரி முழுதும் இறங்கிவிட்டால் பெட்ரோல் ஊற்றியபின்னும் இன்ஜினைச் சுற்ற ஆள் இருக்காது.

ஹூண்டாய் ஐயோனிக் ஹைபிரிட்டில் ஈயப் பேட்டரியே இல்லை. பெரிய லித்தியம் பேட்டரிக்குள்ளேயே 12 வோல்ட் பகுதியையும் வைத்து, இறங்கிப் போனால் எழுப்ப டேஷ்போர்டில் ஒரு ரீசெட் பட்டன் கொடுத்திருக்கிறார்கள். அந்த வண்டி வைத்திருப்பவர்கள், தேவைப்படுவதற்கு முன்பே அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள்.