ஜமைக்கா விடுதி

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியாகிய கார்ன்வாலில், லான்ஸ்டனுக்கும் பாட்மினுக்கும் இடையே செல்லும் பழைய நெடுஞ்சாலையின் ஓரத்தில், போல்வென்டர் என்னும் சிற்றூரில் அமைந்துள்ள பிரயாணிகள் விடுதி. கோச்சு வண்டிகள் ஓடிய காலத்தில், 1750ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இது, வழிப்போக்கரின் தங்குமிடமாகவும், கள்ளக்கடத்தற்காரர்களின் புகலிடமாகவும், மது விற்காத விடுதியாகவும், ஒரு நாவலின் களமாகவும் காலக்கிரமத்தில் உருமாறி, இன்று ஆவிகள் உலவும் இடமென்று பிரசித்தி பெற்று விளங்குகிறது.

அமைவிடம்

விடுதியைச் சூழ்ந்துள்ள பாட்மின் மேட்டுநிலம், கருங்கற் பாறைகளும் சதுப்புகளும் முரட்டுப் புல்லும் நிறைந்த, மரங்கள் அரிதான பிரதேசமாகும். இதன் உச்சியாகிய பிரௌன் வில்லி 420 மீட்டர் உயரமுடையது. அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வீசும் ஈரக்காற்றினால் இங்கே மூடுபனி சடுதியில் இறங்கி, சில அடி தூரத்திலுள்ள பொருளையும் மறைத்துவிடுவதுண்டு. பாதையைத் தவறவிட்டவன் சதுப்பில் அகப்பட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. மேட்டுநிலத்தைக் கடக்கும் வழியின் நடுவே ஒரு விடுதி இன்றியமையாததாயிற்று என்பதும், அவ்விடுதியைப் பற்றிப் பீதியூட்டும் கதைகள் பிறந்தன என்பதும் இந்த ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள்.

தோற்றமும் பெயரும்

1750இல் எழுப்பப்பட்ட கட்டடத்தோடு, வண்டிக் கொட்டகை, குதிரை லாயம், சேணம் வைக்கும் அறை ஆகியவை 1778இல் சேர்க்கப்பட்டன. சிலேட்டுப் பலகைகள் பதித்த சுவர்களும், கல் பாவிய முற்றமும் அக்காலத்து அமைப்பை இன்றும் காட்டுகின்றன. ஜமைக்காத் தீவிலிருந்து திருட்டுத்தனமாக இறக்குமதியான ரம் என்னும் மதுவே இப்பெயருக்குக் காரணம் என்று பொதுமக்கள் கூறுவதுண்டு. ஆயினும், இவ்வட்டாரத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த டிரெலானி குடும்பத்தினரில் எட்வர்டு டிரெலானி (1738-52), சர் வில்லியம் டிரெலானி (1767-72) ஆகிய இருவர் அத்தீவின் கவர்னர்களாக இருந்தமையால் இப்பெயர் வந்தது என்பதே பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்படும் விளக்கம்.

கோச்சு வண்டிக் காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுங்கம் வசூலித்துச் சாலைகளைப் பராமரிக்கும் முறை இங்கிலாந்தெங்கும் பரவியதும், கோச்சு வண்டிகளின் வேகமும் எண்ணிக்கையும் பெருகின. 1784இல் ஜான் பாமர் என்பவரின் யோசனைப்படி பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையே முதல் தபால் கோச்சு ஓடிற்று. ஏறக்குறையப் பத்து மைலுக்கு ஒருமுறை, களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரைகளைப் பூட்டுவது வழக்கம். வண்டிக் காவலன் ஊதும் கொம்பின் ஒலி தொலைவில் கேட்டவுடனே, சுங்கச் சாவடிக்காரன் கதவைத் திறந்துவைப்பான். லாயக்காரன் குதிரைகளை ஆயத்தமாக நிறுத்துவான். இங்ஙனம் நேரத்தைக் கணக்கிட்டு நடந்த இந்த ஏற்பாட்டில், சாலையோர விடுதிகள் உணவும் படுக்கையும் அளித்ததோடு, செய்திகள் கைமாறும் இடங்களாகவும் விளங்கின.

கார்ன்வாலின் தெற்குக் கரையிலுள்ள பால்மத் துறைமுகம் அந்நாளில் அயல்நாட்டுத் தபால் கப்பல்கள் வந்துசேரும் இடமாக இருந்தமையால், உலகச் செய்திகள் பலவும் இந்த மேட்டுநிலச் சாலை வழியாகவே லண்டனுக்குச் சென்றன. 1805 நவம்பரில், டிரபால்கர் கடற்போர் வெற்றியையும் கடற்படைத் தளபதி நெல்சனின் மரணத்தையும் அறிவிக்கும் கடிதங்களோடு பால்மத்தில் கரையிறங்கிய லெப்டினன்ட் லாபனோட்டியர், இருபத்தொரு முறை குதிரை மாற்றி லண்டனை அடைந்தபோது, பாட்மினிலிருந்து லான்ஸ்டனுக்கு இவ்வழியே சென்றார்.

கள்ளக்கடத்தல்

தேயிலை, பிராந்தி, புகையிலை, பட்டு ஆகியவற்றின்மீது அரசாங்கம் விதித்த கடுமையான தீர்வைகளே கள்ளக்கடத்தல் தொழிலை வளர்த்தன. தேயிலைத் தீர்வை நூற்றுக்கு நூறுக்கும் மேற்பட்டிருந்தது. 1784இல் அது நூற்றுக்குப் பன்னிரண்டரையாகக் குறைக்கப்பட்ட பின்னரே தேயிலைக் கடத்தல் தளர்ந்தது. கார்ன்வாலின் ஒதுக்கமான கடற்குடாக்களில் இரவில் இறக்கப்பட்ட சரக்கு, பொதிக் குதிரைகள்மீது மேட்டுநிலத்தின் ஒற்றையடிப் பாதைகளில் உள்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டது. அதை ஒளித்துவைக்க ஊரைவிட்டு விலகிய இவ்விடுதி வசதியாயிற்று என்பது வழிவழியாக வரும் செய்தி. பொய் விளக்குக் காட்டிக் கப்பல்களைப் பாறையில் மோதவிடும் கொடியவர்களையும் விடுதியோடு இணைத்துப் பேசுவதுண்டு. கடற்கரையோ இங்கிருந்து பல மைல் தொலைவில் உள்ளது. அத்தொடர்பு பெரிதும் பிற்காலக் கற்பனையின் ஆக்கம்.

தளர்ச்சி

1859இல் டாமர் ஆற்றின்மேல் பொறியாளர் புரூனல் கட்டிய சால்ட்டாஷ் பாலம் திறக்கப்பட்டு, ரயில் கார்ன்வாலுக்குள் நுழைந்ததும், நெடுந்தூரக் கோச்சு வண்டிகளின் காலம் முடிவுக்கு வந்தது. சாலையில் நடமாட்டம் குறைந்தது, லாயங்கள் வெறுமையாயின. மதுவிலக்கு இயக்கம் கார்ன்வாலில் வலுப்பெற்றிருந்த பின்னாளில், ஒரு காலத்தில் பிராந்திப் பீப்பாய்களை மறைத்துவைத்ததாகக் கூறப்படும் இவ்விடுதி மது விற்காத இடமாக நடந்தது.

ஆவிகள் பற்றிய ஐதிகங்கள்

விடுதிக்கு உரியனவாகச் சொல்லப்படும் ஆவிகளுள் முதன்மையானது, குடித்து முடிக்காத வழிப்போக்கனின் ஆவி. மதுக்கூடத்தில் நின்று பீர் அருந்திக்கொண்டிருந்த அந்நியன் ஒருவன், யாரோ அழைக்கவே, பாதிக் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே சென்றான் என்றும், மறுநாட் காலையில் மேட்டுநிலத்தில் பிணமாகக் கிடந்தான் என்றும், எஞ்சியதைக் குடிக்கவே அவன் திரும்பி வருகிறான் என்றும் கூறுவர். விடுதியின் சுவர்மேல், வணக்கம் கூறினாலும் பேசாமலும் அசையாமலும் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனைப் பலர் கண்டதாக 1911இல் பத்திரிகைகளில் கடிதங்கள் வெளிவந்தன என்று விடுதியார் குறிப்பிடுவர். முக்கோணத் தொப்பியும் நீண்ட மேலங்கியும் அணிந்து மூடிய கதவுகளின் ஊடே நடந்துசெல்லும் உருவம், யாரும் இல்லாத முற்றத்தில் இரவில் கேட்கும் குளம்பொலி, சக்கரங்களின் ஓசை ஆகியவையும் இவ்வரிசையில் அடங்கும்.

இவை அனைத்தும் வழிப்பிரயாணத்தின் சின்னங்களே என்பது கவனிக்கத்தக்கது. வண்டிகள் நின்றுபோய் அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே பத்திரிகைகளில் இடம்பெற்ற இக்கதைகளை, அவ்வட்டாரத்தின் பழைய பேய்க்கதைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். விடுதிக்குச் சற்றுத் தொலைவிலுள்ள டோஸ்மரி ஏரியை, ஓட்டைவிழுந்த சிப்பியால் இறைத்து வற்றச் செய்யும் தண்டனை பெற்றவனாகச் சொல்லப்படும் ஜான் டிரெகீகிள், குடிகளை வஞ்சித்த கணக்கதிகாரி. இறந்த பிறகும் நீதிமன்றத்தில் சாட்சி கூற எழுப்பப்பட்டவன். 1844இல் ரஃப் டார் குன்றினருகே சார்லட் டைமண்டு என்ற பணிப்பெண் கொலையுண்டாள். அக்குற்றத்துக்காக மாத்யூ வீக்ஸ் என்பவன் பாட்மின் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அவள் ஆவியும் அக்குன்றின் சரிவில் நடமாடுவதாக நம்பப்படுகிறது. மேட்டுநிலத்தின் ஆவிகளுக்கு ஊரும் பேரும் வழக்கும் உண்டு; விடுதியின் ஆவிகளுக்கோ பெயரில்லை. எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் மனிதர்களைப் பற்றி விடுதி அறிந்தது அவ்வளவே.

நாவலும் திரைப்படமும்

1930இல் நாவலாசிரியை டாப்னி டு மோரியே, எழுத்தாளர் ஆர்தர் குயில்லர்-கூச்சின் மகள் பாயுடன் இங்கே தங்கியிருந்தபோது, இருவரும் குதிரையேறிச் சென்று மேட்டுநிலத்தில் வழி தவறினர். கடிவாளத்தைத் தளர்த்தி விட்டபோது, குதிரைகளே அவர்களை விடுதிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. இந்த அனுபவமும், அண்டை ஊராகிய ஆல்டர்னனின் பாதிரியாரோடு நடந்த உரையாடலும், 1936இல் வெளிவந்த ‘ஜமைக்கா இன்’ நாவலுக்கு வித்தாயின. ஆல்பிரட் ஹிட்ச்காக் இதனை 1939இல் சார்லஸ் லாட்டன், மொரீன் ஓஹாரா ஆகியோரைக் கொண்டு படமாக்கினார். மத குருவைக் கொடியவனாகக் காட்டுவதற்கு அமெரிக்கத் தணிக்கை விதிகள் இடந்தராமையால், நாவலில் பாதிரியாராக வந்த பாத்திரம் படத்தில் நிலப்பிரபுவாக மாற்றப்பட்டது.

இன்றைய நிலை

1960களில் நாவலாசிரியர் அலிஸ்டர் மாக்லீன் சில காலம் இதன் உரிமையாளராக இருந்தார். வால்டர் பாட்டர் என்பவர் பதப்படுத்திச் சேர்த்த விலங்குகளின் காட்சிச்சாலை 1980களில் இங்கே கொண்டுவரப்பட்டு, 2003இல் ஏலத்தில் சிதறிற்று. கள்ளக்கடத்தல் பற்றிய காட்சிச்சாலை ஒன்றும், டு மோரியே நினைவாக ஓர் அறையும் இங்கே உள்ளன. புதிய நெடுஞ்சாலை விடுதியை ஒதுக்கிச் செல்வதால், லான்ஸ்டனிலிருந்து பாட்மினுக்குப் போகிறவன் இப்போது இங்கே இறங்க வேண்டிய அவசியமில்லை. இறங்குகிறவர்களுள் பலர் நாவலைப் படித்தும் ஆவிகளைக் கேள்விப்பட்டுமே வருகிறார்கள். முன்பு பிரயாணிகளால் வாழ்ந்த கதைகள், இப்பொழுது விடுதிக்குப் பிரயாணிகளைச் சேர்த்துக் கொடுக்கின்றன.