வேங்கடத்துச் சாசனங்கள்

வேங்கடமலையைத் தமிழகத்தின் வடவெல்லையாகக் கொண்டனர் நம் முன்னோர். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை இராச்சியத்தைச் சேர, சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. அங்கேதான் இன்று ஸ்ரீ சிட்டித் தொழில்நகர் எழுந்துள்ளது. எனினும், எல்லைக்கு அப்பாலும் நம் முன்னோரின் எழுத்து நின்று நிலவுகிறது.

திருமலைக் கோயிற் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பல்லவர் குலத்துச் சாமவை வெள்ளித் திருமேனி அளித்து, வழிபாட்டுக்கு நிலமும் விட்ட செய்தி அவற்றுள் ஒன்று. 13-ஆம் நூற்றாண்டில், யாதவராயர் ஆட்சியில் திருப்பணி நடந்தபோது, பழைய சாசனங்களைப் படியெடுத்துப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டுவித்தனர். ஆவணம் காத்தலையும் அவர்கள் திருப்பணியாகவே கருதினர் போலும்!

கடந்த நூற்றாண்டில் தேவஸ்தானமே பொருள் செலவிட்டு அச்சாசனங்களை அச்சேற்றியது. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் பதிப்பித்த முதல் தொகுதி 1931-இல் வெளிவந்தது, தொகுதிகள் ஆறாயின. மூலத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் அமைந்தமையால் தமிழறியாதாரும் பயன்பெற்றனர்.

சுவடிகளைக் காக்கும் நிறுவனங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகமும் நிதியுதவித் திட்டங்களை வகுத்தது. ஆனால், படிப்போரை எந்த மானியமும் தாராது. திருமலைக்குச் செல்லும்போது, நம் மக்களை அச்சுவர்முன் சற்றே நிறுத்தி, ஓர் எழுத்தையேனும் அடையாளங் காட்டுவோமாக.