சட்டத்தின் ஆங்கிலமும் நம் இளைஞரும்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், உலகனேரியில், சென்னை உயர்நீதிமன்றத்தின் கிளை 2004ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதற்கு முன்னர் நம் பக்கத்து ஏழை எளியோர் ஒரு மேல்முறையீட்டுக்காகச் சென்னைக்கு இரயிலேற வேண்டியிருந்தது. வழி குறுகிற்று, வாயிலில் நின்ற மொழி மாறவில்லை. அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பு உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமே என வகுத்துள்ளது. தமிழையும் அங்கு வழங்க வேண்டுமெனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் அது இன்னும் கைகூடவில்லை. கீழ்நீதிமன்றத்தில் தமிழில் சாட்சி சொன்ன நம் தாய்மார், மேலே தம் வழக்கு நடக்கும்போது வாய் பார்த்து நிற்கின்றனர்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த இடரன்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அந்நாட்டு நீதிமன்றங்களில் பிரெஞ்சும் லத்தீனும் கோலோச்சின. வழக்காடல் ஆங்கிலத்தில் நடக்க வேண்டுமென 1362இல் சட்டம் செய்தும், அவ்விரு மொழிகளையும் நீதிமன்றத்தினின்று முற்றும் அகற்ற 1731ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. ஆங்கில உழவனும் தன் நிலவழக்கைப் புரியாத மொழியில் கேட்டு நின்றவனே! 'பெயில்', 'பிளெயின்டிஃப்' என்பன பிரெஞ்சு வழி வந்தவை, 'அஃபிடவிட்' லத்தீன். ஸ்பானிய மொழி பேசும் சட்ட மாணவனுக்கு இவற்றுட் பல தன் தாய்மொழியின் உறவுக்காரச் சொற்களாகத் தோன்றும். 'கான்ட்ராக்ட்' அவனுக்குக் 'கொன்த்ராத்தோ'. நம் மாணவனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆயினும் வக்காலத்து, வாய்தா, ஜாமீன், ஜப்தி என்னும் அரபு, பாரசீகச் சொற்களை எழுத்தறியாத நம் பாட்டிமார் பிழையறப் பேசுவதைக் கோர்ட்டு வாசலில் அன்றாடம் கேட்கிறோம். எனவே அயற்சொல் கண்டு அஞ்சுவதற்கில்லை.

இவ்விரு மொழிகளுக்கும் இடையே பாலமிட்டோர் நம் நாட்டில் உண்டு. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என நூலாக்கினார். நம் சமுதாயத்தின் பெருந்தலைவர் இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். பிறர் வாய்மொழியைச் சட்டத்தின் மொழிக்கு மாற்றித் தந்த அவரே, தாயகம் திரும்பி, 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் நம் மக்களுக்கும் உரியவை என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். அண்ணல் அம்பேத்கர் இலண்டன் கிரேஸ் இன்னில் பயின்று 1922இல் பாரிஸ்டரானது யாவரும் அறிந்ததே.

மதுரைச் சட்டக்கல்லூரி 1974இல் தோன்றியது. தமிழ்வழியில் பள்ளி முடித்து அங்குச் சேரும் நம் பிள்ளைகள் ஆங்கிலம் என்றதும் பெரும்பெரும் சொற்களையே மனனம் செய்யத் தொடங்குகின்றனர். நம் மாலை வகுப்பில் நாம் கண்ட அனுபவம் வேறு. இடறுவது சிறு சொற்களில்தான்.

'ஷல்', 'மே' என்னும் இரண்டை எடுத்துக்கொள்வோம். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், நீதிமன்றம் ஒன்றை 'மே பிரிசூம்' என்றால் ஊகித்துக்கொள்ளலாம், அல்லது மெய்ப்பிக்கக் கேட்கலாம் என்றும், 'ஷல் பிரிசூம்' என்றால் மறுப்புச் சான்று வரும்வரை ஊகித்தே தீர வேண்டும் என்றும் வரையறுத்தது. தமிழில் 'லாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. (இடம் நோக்கி 'மே' என்பதற்கு 'ஷல்' எனப் பொருள்கொண்ட தீர்ப்புகளும் உள, அவற்றைப் பின்னர்ப் படிக்கலாம்.)

இனி நம்மை நேரே தொடும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திற்கு வருவோம். பத்தாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றத்தை நம்மவர்மீது இழைத்தவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கும் 3(2)(5) பிரிவில், 'ஆன் தி கிரவுண்ட் தட்' என்ற தொடர் நின்றது. பாதிக்கப்பட்டவர் இன்ன சாதியார் 'என்ற காரணத்தால்' என்பது பொருள். "சாதியால் அன்று, வரப்புத் தகராறால் அடித்தோம்" என்று சொல்லித் தப்ப அந்நான்கு சொற்கள் வழிவிட்டன. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நீக்கி 'நோயிங் தட்', அதாவது 'என்று அறிந்து' என்பதை அமர்த்தியது. 2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்தது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றவாளி நேரில் அறிந்தவனாயின், சாதியும் அறிந்தவன் என்றே நீதிமன்றம் கொள்ளவேண்டும் என்று இன்னொரு விதியும் சேர்ந்தது. அங்கும் நிற்பது 'ஷல் பிரிசூம்'தான். ஊரில் யார் எந்தத் தெரு என்பதை அறியாதார் உண்டோ?

சாதியைச் சொல்லி இழிவுபடுத்துதல் பற்றிய பிரிவில் 'வித்தின் பப்ளிக் வியூ' என்று வருகிறது. 'பொது இடத்தில்' என்றில்லை, 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' என்று உள்ளது. 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டிற்று. தனியார் வீட்டு முற்றமேயாயினும் தெருவில் போவோர் காண இயலுமாயின், அது பார்வைக்கு உட்பட்ட இடமே என்றது. அவ்வழக்கில் இழிசொல் கேட்டவர், வீட்டு வாயிலில் நிறுத்தியிருந்த காரின் அருகே நின்றவர்.

பல்லாண்டுகளுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவர் இவ்வாறே ஒரு களத்துமேட்டில் ஏசப்பட்டார். புகாரை எழுதித் தந்தவர் 'அவருடைய சொந்த இடத்தில்' என்று மட்டும் எழுதினார். களத்தை ஒட்டிப் பேருந்துச் சாலை ஓடுவதையும், அங்குப் பலர் நின்று பார்த்ததையும் எழுதவில்லை. உறுப்பினர் கைநாட்டு வைத்தார், வழக்கு நிற்கவில்லை. அப்புகாரின் நகலை அவர் மகன் வைத்திருக்கிறான். சட்டக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவன், சென்ற மாதம் அதை நம் வகுப்பிற்குக் கொண்டுவந்து, விடுபட்ட அவ்வரியை முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் கரும்பலகையில் எழுதிக் காட்டினான்.